முதல் நாற்பது சுற்று

முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடு என்பான் எய்னார்.
குடியேறியை ஒரு கட்டம் நடக்கவிட்டாலும்
அந்த ஒரு சுற்றுக்கான வட்டியை
நூறாவது சுற்றில் கட்டவேண்டி வரும்.
லூலியோவில் வங்கி வேலை அவனுக்கு.
வட்டியைத் தவிர வேறெதற்கும் பயப்படமாட்டான்.

நான் கிருனாவில், சுரங்கத்துக்கு மேலே,
இரண்டாம் மாடியில்.
டிசம்பர். சூரியன் எட்டிப்பார்த்துப் பதினோரு நாள்.
திரையில் மட்டும் நல்ல வெயில்,
அறுகோணம் அறுகோணமாய்ப் புல்வெளி.

முதலில் ஒற்றன். அப்புறம் இன்னொரு ஒற்றன்.
வீரனைச் செய் என்று ஓரத்துப் பெட்டி நச்சரிக்கும்,
காதில் வாங்காதே.
இருட்டைத் துடைக்க ஒரு துணி போதாது.
ஊரில் இரண்டு தலை சேர்ந்ததும் குடியேறி.
பக்கத்துக் காட்டை வெட்டினால்
நாலு சுற்று முன்னதாகவே பிறப்பான்.
காடு திரும்ப வராது.
நான் ஒவ்வொரு முறையும் வெட்டுகிறேன்.

'அகலக்கால் வைக்கிறாய் ரௌனி'
பதினெட்டாம் சுற்றில் எய்னாரின் செய்தி.
அவன் ஆழ உழுகிற ஆள்.
மூன்றே ஊர், மூன்றிலும் நூலகம், சுற்றி மதில்,
உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான்.
எனக்கு ஆறு வேண்டும், நாற்பதுக்குள்.
நதி வளைகிற இடமெல்லாம் என் ஊதா நிறம் கசிய வேண்டும்.
காவலில்லாமல் அனுப்பிய ஒருவனை
இருபத்து மூன்றில் கொள்ளையர் பிடித்துப் போனார்கள்.
அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன்.
சொல்லமாட்டேன்.

இருபத்தொன்பதில் கிடைத்தது அந்த இடம்.
ஆறு, மேடு, இரண்டு கட்டம் தள்ளி மான்கூட்டம்,
நடுவில் துருச்சிவப்பாய் இரும்பு.
ஆளில்லா நிலம் என்றது திரை.
(கட்டுப்பாட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் பிரெத்
ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
மான் நிற்கிறதே, எப்படி ஆளில்லாமல் போகும்?
அவள் அண்ணன்கள் மான் மேய்க்கிறவர்கள்.)
இரும்பின் மேலேயே உட்கார்,
தோண்டாமலே இனாமாக வரும்.
கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம்.
சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.
'நகரம் அமை' மினுங்கியது.

மணி ஒன்றரை.
ஒரு கிலோமீட்டருக்கும் கீழே வெடி வைத்தார்கள்.
தினமும் வைப்பதுதான்.
காப்பியில் ஒரு வளையம் விரிந்து கரை தொட்டது.
அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள்
தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டன.

வருகிற ஜூனில் இந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள்.
கடிதம் ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்.
தேவாலயத்தைச் சக்கரத்தில் ஏற்றிக்
கிழக்கே கொண்டுபோனார்கள்.
தெருவோரம் நின்று கைதட்டினோம்,
எதற்கென்று தெரியாமல்.
எய்னார் முதல் தவணையிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு
தெற்கே போனவன்.
விளையாட்டில் இப்படி ஒரு விதி இல்லை.
அங்கே வைத்த நகரம் நகராது.

குடியேறியை ஒரு கட்டம் தள்ளி நடத்தினேன்.
வெறும் மண். ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு உழைப்பு.

முப்பதாம் சுற்று.
எய்னாருடைய ஆள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்கி
இரும்பின் மேல் கொடி நட்டான்.
ஆழ உழுகிறவனுக்கு நாலாவது ஊர்!
இனி அதைச் சுற்றி மூன்று கட்டத்துக்கு
எனக்கு அனுமதி இல்லை.
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்,
தெரியாமலா இருந்தேன்.
'ஏன் உட்காரவில்லை?' என்று கேட்டான்.
'கை தவறிவிட்டது' என்று எழுதினேன்.

என் குடியேறி ஆற்றங்கரையில் நிற்கிறான்,
முதுகில் மூட்டை,
கால் மாற்றிக் கால் மாற்றி.
வடக்கே துடைக்காத இருட்டு, பெரும்பாலும் பனியாக இருக்கும்.
இன்னும் ஒன்பது சுற்று.
ஒற்றனை முன்னால் அனுப்பினேன்.